இரண்டு சீட் வண்டி

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்றிவிட்டுச் சகலை வேறு ஃபேன் போட்டார். அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

வண்டிக்கு என்னைவிட வயது அதிகம். இரண்டே சீட். நீளமான மூக்கு. கூரை என் நெஞ்சு உயரம்கூட இல்லை. ஏறவேண்டுமென்றால் முதலில் பின்பக்கத்தைப் போட்டு உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வந்த காலத்தில் பந்தயத்துக்கு ஓட்டினார்களாம். சகலை அதில் லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகையில் டூல் பை, கிரீஸ் டப்பா, சுருட்டிய கேபிள். இந்த மாதிரி வண்டிகளைத் துணி போட்டு மூடி வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிறவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது.

"வண்டின்னா தினமும் ஓடணும் சகல. மூடி வெச்சுக் கும்பிடறதுக்கு அது என்ன சிலையா?"

"ஓடினா யாரு வேணாங்கறா?" என்பார் அண்ணி உள்ளேயிருந்து.

அவர்கள் கீழ் வீடு, நான் மாடி. அண்ணியும் என் மனைவியும் அக்கா தங்கை. என் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. காலி செய் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கிளம்பவில்லை. அவர் இன்னும் என்னைச் சகலை என்றுதான் கூப்பிடுகிறார். நானும் அப்படியே. ராத்திரிச் சாப்பாடு கீழே.

நான்கு பேராக இருந்தபோது எங்கே போனாலும் இரண்டு நடை. கல்யாணமோ கடைத்தெருவோ, ஒருவரைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்து அடுத்தவரை ஏற்றுவார். மூன்றாவது ஆள் பஸ்ஸில் வரவேண்டும். என் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இந்த வண்டிதான். நான் இரண்டாவது நடையில் போனேன்.

இந்த மழைக்காலம் ஆரம்பித்தபோது அண்ணிக்கு வேலை கிடைத்தது. ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் நிலையத்தில், பரிசோதனைக் கூடத்தில். முன்பு வேலை பார்த்த இடத்தை மூடிய பிறகு நான்கு வருடம் வீட்டில் இருந்தார். நியமனத்தைவிட அவர்கள் கொடுத்த வெள்ளைக் கோட்டுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. பையில் மடித்துக்கொண்டு வந்து மேசைமேல் விரித்துக் காட்டினார்.

"பாத்தீங்களா தம்பி, பேரு தைச்சுக் குடுத்திருக்காங்க. நாலு வருஷமா என் பேரு கேஸ் புக்குலகூட இல்ல."

"கேஸ் புக்குல உன் பேரு எதுக்கு? அதான் நான் இருக்கேனே" என்றார் சகலை.

"அதத்தான் சொல்றேன்."

காலை ஆறரைக்கு ஷிஃப்ட். ஊருக்கு விடுகிற தண்ணீரை அந்த நேரத்தில் சோதித்துக் கையெழுத்துப் போடவேண்டும். ராத்திரி முழுக்க வேலை பார்த்தவர், அடுத்தவர் வந்தால்தான் வீட்டுக்குப் போகமுடியும். நிலையமோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேட்டுச் சாலையில் கடைசி. முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான். அதனால் சகலை கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. விட்டுவிட்டுத் திரும்பி அவரும் வேலைக்குப் போய்விடலாம். ஆறு மாதம் தற்காலிகம், பிறகுதான் நிரந்தரம்.

இரண்டு வாரம் சரியாகப் போனார்கள். பிறகுதான் ஃபேன்.

பழைய ஃபேன் இன்ஜினோடு பெல்ட்டில் சுற்றுவது. இன்ஜின் ஓடுகிறவரை அதுவும் ஓடும். அதற்கு ஒரு சக்தி வீணாகிறதாம். எலக்ட்ரிக் ஃபேன் போட்டால் சூடு ஏறினால் மட்டும் சுற்றுமாம், மேட்டில் வண்டி இன்னும் இழுக்குமாம். ஏதோ உடைத்துப் போட்ட வண்டியிலிருந்து ஒரு எலக்ட்ரிக் ஃபேனைக் கொண்டுவந்தார். ஒரு சனிக்கிழமை முழுக்க ரேடியேட்டருக்குப் பின்னால் அதைப் பொருத்தினார். நான் டார்ச் பிடித்தேன். ஃபேன் சுற்றியது. கையைத் துடைத்துக்கொண்டு, "எப்படி?" என்றார். நான் நல்லாருக்கு என்றேன். சுற்றியது, வேறென்ன சொல்ல.

திங்கட்கிழமை ஆற்றுப் பாலம் தாண்டி மேட்டில் வண்டி கொதித்தது. பானெட் ஓரத்தில் ஆவி. மழையில் ஓரமாக நின்று, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றிப் போய்ச் சேர்வதற்குள் முக்கால் மணி நேரம் தாமதம். ராத்திரி டியூட்டிப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாளாம். ஒன்றும் சொல்லவில்லையாம். அதுதான் அண்ணிக்குத் தாங்கவில்லை.

பிறகு டாக்ஸிக்குச் சொல்லிப் பார்த்தார். அந்த மேட்டுக்கு அந்த நேரத்தில் வர யாருக்கும் இஷ்டமில்லை. சில நாள் வந்தார்கள். ஒரு நாள் வரவில்லை. அது இரண்டாவது தாமதம். கூடத்தின் மேலதிகாரி அம்மாள் அன்றைக்குக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்.

"கத்தினாக்கூடப் பரவாயில்ல தம்பி. உக்கார வெச்சு, டீ குடுத்து, 'நீங்க நல்லா வேலை பாக்கறீங்க, ஆனா மூணாவது தடவை நான் உங்ககிட்டப் பேசமாட்டேன், அடுத்த ஆளக் கூப்பிட்டுருவேன்'னு சொன்னாங்க. அந்த டீ உள்ள எறங்கல."

"ரெண்டாவது தடவை என் வண்டியால இல்லையே" என்றார் சகலை.

அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகும் வேலை நாளெல்லாம் டாக்ஸிதான். ஒவ்வொரு விடியற்காலையும் அவர் வாசலில் குடையோடு நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தது என் ஜன்னலில் தெரியும். சகலையும் பக்கத்தில் நிற்பார்.  டாக்ஸி விளக்கு திரும்பியதும் அண்ணி ஓடுவார். சகலை வண்டியைத் திரும்பிப் பார்ப்பார்.

சாயங்காலங்களில் வண்டியைப் பிரித்தார். தெர்மோஸ்டாட்டை மாற்றினார். ரேடியேட்டர் மூடியை மாற்றினார். வாட்டர் பம்ப்பைக் கழற்றி, ஒன்றுமில்லை என்று மறுபடி மாட்டினார். ரேடியேட்டரையே வெளியே எடுத்து, சாய்த்து வைத்து, ஹோஸால் பீய்ச்சினார். துருத் தண்ணீர் வந்தது, பிறகு நல்ல தண்ணீர் வந்தது. எல்லாவற்றையும் பூட்டி ஓட்டிப் பார்த்தால் பழையபடி கொதித்தது. விரல்களில் தோல் உரிந்திருந்தது. சாப்பிடும்போது குழம்பு பட்டால் கையை உதறுவார்.

"நின்னா சில்லுனு இருக்கு சகல. ஓடினா கொதிக்குது. உலகத்துல எந்த வண்டியும் இப்படிப் பண்ணாது. டிராஃபிக்ல நின்னாத்தான் சூடாகும், ஓடினா காத்து வந்து ஆறும். இது தலைகீழா இருக்கு."

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. "உங்கள மாதிரியேதான் இருக்கு" என்றார் அண்ணி. "சும்மா உக்காந்திருந்தா நல்லாத்தான் இருப்பீங்க. ஒரு வேலை சொன்னா கொதிச்சிருவீங்க."

"சிரிக்காதீங்க சகல" என்றார் அவர்.

நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

"பழைய ஃபேனையே மாட்டிருங்களேன்" என்றேன்.

"அதுக்கு இது ஏன் ஆகலன்னு தெரியணுமில்ல?"

"தெரிஞ்சு?"

"தெரிஞ்சா மாட்ட வேண்டியதே இல்லயே."

அவரிடம் இதற்குமேல் பேச முடியாது. எனக்கும் எல்லாவற்றுக்கும் காரணம் தெரியவேண்டும் என்றிருந்த காலம் உண்டு. மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். தெரிந்தது. அதனால் ஒன்றும் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மழை விட்டது. தெரு ஓரத்தில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சகலை வண்டியை மேடுவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். தெருமுனையில் திரும்பும்போதே வாசனை வந்துவிட்டது, ரேடியேட்டரில் ஊற்றிய கூலன்ட் காய்கிற இனிப்பு நாற்றம். வீட்டுக்கு முன் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் இறங்கினார். நின்று ஃபேன் சுற்றினால் சூடு காட்டும் ஊசி மெல்ல இறங்கும். அதுதான் வழக்கம். கீழே உட்கார்ந்து சக்கரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அண்ணி நைட்டியோடு வெளியே வந்தார். கையில் ரொட்டி வாட்டுகிற இடுக்கி. நேரே போய் வண்டியின் முன்னால் நின்றார்.

"நாளைக்கு அந்த டாக்ஸிக்காரரு வரலயாம். அவரு பொண்ணுக்குப் பரீட்சை. வேற யாரும் வரமாட்டேங்கறாங்க. இப்ப சொல்லுங்க, இது போகுமா போகாதா?"

"பாக்கறேன்."

"மூணு வாரமாப் பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க. போகுமா போகாதா?"

"பாத்துட்டு இருக்கேன்ல? நான் என்ன சினிமாவா பாக்கறேன்?"

"போகாதுன்னா போகாதுன்னு சொல்லிருங்க. நான் ராத்திரியே நடந்து போறேன். அந்த கேட்டுல போய்ப் படுத்துக்கறேன்."

"நடந்து போவா. ஆத்துப் பாலத்துல நடந்து போவாளாம்."

"சாவியக் குடுத்தா ஓட்டிக்கிட்டும் போவேன். பழைய எடத்துல மூணு வருஷம் வேன் ஓட்டிச் சோதனைக்குத் தண்ணி எடுத்துட்டு வந்தவதான் நான். மழையிலயும் ஓட்டினேன், சேத்துலயும் ஓட்டினேன். உங்க வண்டிய மட்டும் தொட்டா தீட்டு."

"இதோட க்ளட்ச் உனக்குப் பிடிபடாதுடி. இது வேன் இல்ல."

"ஆமா. வேன் போய்ச் சேரும்."

நான் படியில் உட்கார்ந்திருந்தேன். இந்த இடத்தில் எப்போதும் என் மனைவி ஏதாவது சொல்லி இருவரையும் சிரிக்க வைப்பாள். அந்த இடைவெளி வந்தது, போனது. 

அண்ணி குனிந்து காலைத் தேய்த்தார். "மொதல்ல இத அணைங்க. நிக்க முடியல. முட்டியெல்லாம் வேகுது."

"என்னது?"

"அனல் அடிக்குது. அடுப்புகிட்ட நிக்கற மாதிரி."

"எங்க அடிக்குது?"

"எங்கன்னா? நான் நிக்கற எடத்துலதான். என் கால்ல."

நைட்டியின் கீழ் ஓரம் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. காற்றே இல்லாத மதியம் அது. சகலை அதைப் பார்த்தார். எழுந்து வந்தார். அண்ணியின் காலுக்கும் வண்டியின் முன்வலைக்கும் நடுவில் கையை நீட்டினார். பிறகு உள்ளே ஓடிப்போய்ச் செய்தித்தாள் ஒன்றை எடுத்து வந்து விரித்து முன்வலைமேல் வைத்தார். ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டிய தாள் எகிறிப் போய் ஓடும் தண்ணீரில் விழுந்தது.

"வெளிய ஊதுது" என்றார். "சகல, வெளிய ஊதுது!"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. முன்னாலிருந்து காற்றை உள்ளே இழுக்க வேண்டிய ஃபேன் உள்ளேயிருந்து முன்னால் தள்ளிக்கொண்டிருக்கிறது. நிற்கும்போது எப்படியோ காற்று போய்வந்தால் போதும், ஆறிவிடும். ஓடும்போது எதிரே வருகிற காற்றும் இதுவும் ரேடியேட்டரிலேயே முட்டிக்கொள்ளும். இரண்டு வயர் இடம் மாறியிருக்கிறது. அவ்வளவுதான்.

"ரெண்டு வயரா?" என்றார் அண்ணி.

"ரெண்டே வயரு! மாத்திக் குடுத்தா தீந்தது!"

"லிஃப்ட்டு மேல போறதும் கீழ போறதும் வயர மாத்திக் குடுக்கறதுலதான் இருக்குன்னு கல்யாணமான புதுசுல எனக்குக் கிளாஸ் எடுத்தீங்களே."

"அது..."

"நீங்க மாட்டின லிஃப்டுல ஏறினவங்க எல்லாம் எங்க இருக்காங்களோ. பாதாளத்துல போய்த் தேடணும்."

அவர் காதில் எதுவும் விழவில்லை. பானெட்டுக்குள் தலையை விட்டுவிட்டார். பத்து நிமிடத்தில் வயரை மாற்றி, இன்னொரு தாளை வைத்தார். தாள் வலையோடு ஒட்டிக்கொண்டது. மறுபடி மேடுவரை போய்வந்தார். ஊசி பாதிக்கு மேல் ஏறவில்லை. தெருவில் நின்று இரண்டு கையையும் தூக்கினார். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

ராத்திரிச் சாப்பாட்டில் சகலை மூன்றாம் முறை சோறு வாங்கினார். "உன் முட்டிதான்டி கண்டுபிடிச்சுது" என்றார்.

அண்ணி கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "நாளைக்கு ஒண்ணையும் தொடக்கூடாது. சாவியப் போடணும், போகணும்."

"தொடமாட்டேன்."

"தம்பி, நீங்க சாட்சி."

"தொடமாட்டேன்னு சொல்றேன்ல. அதான் சரியாயிடுச்சே. இனிமே அதுல தொடறதுக்கு என்ன இருக்கு?"

காலையில் மறுபடி மழை. பெரிய மழை இல்லை, விடாத மழை. இன்ஜின் சத்தத்தில் விழித்தேன். எழுந்து ஜன்னலில் பார்த்தேன். வாசல் விளக்கில் வண்டி நின்று ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி உள்ளே, தன் சீட்டில், பை மடியில். பானெட் திறந்திருந்தது.

கீழே இறங்கினேன்.

"ஒரு நிமிஷம்" என்றார் சகலை. டார்ச்சைப் பல்லில் கடித்திருந்தார். எடுத்துவிட்டுச் சொன்னார்: "சூடாகாம ஓடறதால இப்ப நின்னு ஓடற சத்தமே மாறியிருக்கு சகல. கேளுங்க. டப், டப், டப்னு ஒரு தட்டு. அந்தக் கொதியில இவ்வளவு நாளா இது கேக்கவே இல்ல."

எனக்கு மழைச் சத்தம்தான் கேட்டது.

"ஓடுதுல்ல?" என்றேன்.

"ஓடுது. ஆனா சரியா ஓடல."

ஏர் ஃபில்டர் மூடி அவர் கையில் இருந்தது. கார்புரேட்டரின் திருகைத் திருப்பிப் பார்த்தார். சத்தம் ஏறியது, இறங்கியது.

"ஏங்க" என்றார் அண்ணி. குரல் உயரவில்லை. "தொடமாட்டேன்னீங்க."

"ஒரு நிமிஷம். உனக்காகத்தான் பாக்கறேன். வழியில நின்னுட்டா?"

"நேத்து நிக்கல."

"நேத்து இந்தத் தட்டு இல்லயே. இருந்திருக்கும், கேக்கல. சின்ன ஸ்க்ரூ டிரைவர் எங்க? மேசையில வெச்சேன்." மூடியைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குள் போனார். உள்ளே ஒரு இழுப்பறை திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.

அண்ணி கதவைத் திறந்து இறங்கினார். பானெட்டின் முட்டுக்கம்பியை எடுத்து மடக்கினார். பானெட்டை இறக்கி இரண்டு கையாலும் அழுத்தினார். சுற்றி வந்து ஓட்டுகிற பக்கம் கதவைத் திறந்து, பின்பக்கத்தைப் போட்டு உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தார். சீட்டை முன்னால் நகர்த்தும் கம்பியைத் தேடினார். கிடைத்தது.

"தம்பி, ஏறுங்க."

"நானா?"

"நின்னுட்டா தள்ள ஒரு ஆளு வேணும்ல?"

ஏறினேன். கதவைச் சாத்துவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. முதல் கியரில் ஒரு குலுக்கு. இரண்டாவதில் இல்லை. சகலை பனியனோடு வெளியே ஓடி வந்தார். ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர், ஒரு கையில் ஃபில்டர் மூடி.

"மூடி!" என்று கத்தினார். "ஏய், மூடி! மூடி இல்லாம..."

அண்ணி தெருமுனையில் திரும்பினார். மூடி இல்லாததால் இன்ஜின் வழக்கத்தைவிட அதிகமாக உறுமியது. பெரிய மிருகம் ஒன்று மூச்சு வாங்குவதுபோல.

அண்ணி பாலத்தை நோக்கி ஓட்டினார். வைப்பர் ஒன்றுதான் ஒழுங்காகத் துடைத்தது. அது அவர் பக்கம். என் பக்கம் கண்ணாடியில் ஒரு கோணத்தில் மட்டும் வெளியே தெரிந்தது. பாதத்துக்குக் கீழே தகடு சுட்டது. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. திருப்பங்களில் கதவோடு போய் ஒட்டினேன். இந்தச் சீட்டில் நான் சில தடவைதான் உட்கார்ந்திருக்கிறேன். அப்போதெல்லாம் மழை இல்லை.

மேடு ஆரம்பித்ததும் முழங்காலில் சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. கண்ணாடியின் மேல்மூலையிலிருந்து வந்து, டாஷ்போர்டின் விளிம்பில் கொஞ்சம் நின்று, சரியாக ஒரே இடத்தில் விழுந்தது. காலை நகர்த்தினேன். நகர்த்த இடமில்லை.

"கதவுல ஒரு பிளாஸ்டிக் பை சொருகியிருக்கும் பாருங்க" என்றார் அண்ணி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "விரிச்சு முட்டியில போட்டுக்கங்க. ஓரத்தக் கொஞ்சம் தூக்கி விட்டுருங்க, இல்லன்னா ஷூவுக்குள்ள எறங்கும்."

பை இருந்தது. மடிப்புகள் வெளுத்துப்போன பழைய பை. விரித்துப் போட்டுக்கொண்டேன். சொட்டு இப்போது சத்தத்தோடு விழுந்தது.

"எவ்வளவு நாளா அண்ணி?"

"இதுவா? வாங்கினதுல இருந்து."

"சொல்லலயா?"

"ஆரம்பத்துல சொன்னேன்." மூன்றாவது கியருக்கு மாற்றினார். "அப்போ கார்புரேட்டர் பாத்துட்டு இருந்தாரு."

ஊசி பாதிக்குக் கீழே நின்றது. மேட்டில் வண்டி நன்றாகவே இழுத்தது. அந்த ஃபேன் விஷயத்தில் சகலை சொன்னது சரிதான்.

நிலையத்தின் வாசலில் நிறுத்தியபோது ஆறு இருபது. ராத்திரி டியூட்டிப் பெண் இன்னும் வெளியே வரவில்லை. அண்ணி சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். கோட்டை உதறி மாட்டிக்கொண்டு, பெயர் தைத்த இடத்தை ஒரு தடவை கையால் நீவிவிட்டார்.

"நீங்க ஏழு மணி பஸ்ஸுக்குப் போயிருங்க தம்பி. அதுவரைக்கும் உள்ளயே உக்காந்திருங்க, நனையாதீங்க. அவருகிட்ட சொல்லிருங்க, சாயங்காலம் நானே ஓட்டிட்டு வருவேன். நாளைக்கும் அப்படித்தான்."

"அவரு வேலைக்கு?"

"எனக்கு எதிர்ப்பக்கந்தான அவரு வேலை. எட்டு மணிக்குப் பஸ் இருக்கு. வேணும்னா என்கூட ஆறு மணிக்கு வந்து, இங்க இருந்து பஸ்ல திரும்பட்டும்."

போய்விட்டார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அந்த வெள்ளைக் கோட்டு ஒரு கணம் தெரிந்தது.

நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது.

"சகல, ஊசி எங்க இருக்கு?"

"பாதிக்குக் கீழ."

"மேட்டுலயுமா?"

"மேட்டுலயும்."

"தட்டற சத்தம்?"

"கேக்கல."

"மூடி இல்லாம தூசி உள்ள போயிருக்கும்."

"மழை பெய்யுது சகல. தூசி இல்ல."

"மூணாவது சீக்கிரமா போட்டாளா? ரெண்டாவதுலயே இழுத்துட்டுப் போயிருப்பா. க்ளட்ச் நாத்தம் அடிச்சுதா?"

இன்னும் கேட்டார். ஆயில் பிரஷர் கேட்டார். பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கேட்டார். நான் காத்துக்கொண்டிருந்தேன். அண்ணியைப் பற்றி அவர் கேட்பதாகத் தெரியவில்லை.

"அண்ணி நேரத்துக்கு உள்ள போயிட்டாங்க" என்றேன்.

 "ம்" என்றார். "அதான் போயிருவான்னு தெரியுமே. வண்டிதான் சரியாயிடுச்சே."

சொட்டு விழுந்தது.

"இந்தப் பக்கம் ஒழுகுது சகல."

"எந்தப் பக்கம்?"

"நீங்க உக்காராத பக்கம்."

"ஒழுகுதா? எங்க இருந்து வருது? கண்ணாடி ரப்பரா, மேல் மூலையா? வேகமா வருதா, நின்னு நின்னு வருதா? டார்ச் அடிச்சு..."

"சாயங்காலம் வந்து உக்காந்து பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.